தடுக்கக் காசு உண்டு, தரிக்கக் காசு இல்லை

(மருத்துவ உரிமை குறித்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

குழந்தையின்மைக்கான சிகிச்சையை அரசு செலவில் தர வேண்டும் என்று பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர் சிரித்தார். "பஞ்சமி நிலத்தப் பேசுறத விட்டுட்டு இதையா பேசப்போற?" என்றார். நம்ம உடம்பு மேல அதிகாரம் யாருக்குன்னு கேக்குறதும் நிலம் கேக்குற மாதிரிதான்.

நம் கருப்பையைத் தடுக்க அரசிடம் பணம் இல்லாமல் போனதே கிடையாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஓராண்டில் மட்டும், 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் அறுத்துத் தள்ளினார். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாம் ஏழைப் பெண்கள். முகாம், இலக்கு, ஊக்கத்தொகை எல்லாம் இருந்தது.

அதே ஆஸ்பத்திரியில் போய் "எனக்குப் பிள்ளை தங்கல"ன்னு ஒருத்தி நின்றால் என்ன இருக்கிறது? தனியார் காப்பீட்டு ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். விலக்குகளின் பட்டியலில் 17ஆம் எண், மலட்டுத்தன்மை. அது மலட்டுத்தன்மை என்றே எழுதும், வெட்கமில்லாமல். மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டிலும் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு இடமில்லை.

நான் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். விண்ணப்பத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயம் என்றால் வட்டி குறைவு. அதனால் பலர் விவசாயம் என்றுதான் சொல்வார்கள். கம்மலையும் தாலிக்குண்டையும் தராசில் வைத்துவிட்டு, "டாக்டர் ஊசிக்குச் சொல்லியிருக்கார் சார்" என்று வாய்தவறிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். சோதனைக்குழாய் முறையில் ஒரு சுற்றுக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். முதல் சுற்றிலேயே பலிக்காதவர்கள்தான் அதிகம். நகை ஏலத்துக்குப் போகும். அவளை வளைகாப்புக்குக் கூப்பிடமாட்டார்கள்.

இது பணக்கார வியாதி என்பது சுத்தப் பொய். காசநோய் கருக்குழாயை அடைக்கும். பிரசவத்திலும் கருக்கலைப்பிலும் சுத்தமில்லாமல் தொற்று ஏறினாலும் அடைக்கும். இதெல்லாம் யாருக்கு வருகிற நோய்? ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குறை ஆணிடம் இருந்தாலும் மலடி என்கிற பேர் அவளுக்குத்தான். விந்துப் பரிசோதனை என்றால் நம்ம ஆம்பளைங்க, புரட்சி பேசுறவன் உட்பட, ஊரைவிட்டே ஓடுறான்.

பிள்ளைபெறும் சுமையிலிருந்து பெண் விடுதலையாக வேண்டும் என்று பெரியார் பேசவில்லையா என்பார்கள். பேசினார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அது. வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அதே பெண்ணுடையதுதான். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். 1938இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்தையும் அவருடைய கட்சிதான் கொண்டுவந்தது. இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அரசால் முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளை இழந்த, ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்ட தாய்மார்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவைக்குத் தமிழக அரசு உதவியது. கடல் வந்து கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். இப்போது சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் விழுப்புரத்துக் கூலிக்காரிக்கு ஊசிக்கும் ஸ்கேனுக்கும் எத்தனை நாள் கூலி போகும்? பஸ் காசு யார் தருவது? தோற்றுப்போன சுற்றுக்குப் பிறகு அவளோடு உட்கார்ந்து பேச யார் இருப்பார்கள்? ஆலோசனை கட்டாயம் என்று 2021 சட்டம் சொல்கிறது. ஒரு கையெழுத்தோடு அதை முடித்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கு. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைத் திரும்பத்திரும்ப எடுத்து விற்றது வெளியே வந்தது. சிகிச்சை சந்தையில் கிடந்தால், வாங்குகிறவன் ஒரு தெருவிலும் விற்கப்படுகிறவள் இன்னொரு தெருவிலும்தான் இருப்பார்கள். அந்த இரண்டாவது தெரு எதுவென்று இந்த அரங்கில் நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சத்தைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.