பக்கத்துக் காம்பராவின் குளிசை



சம்பள விசயத்துக்குப் பிறகு வருவோம். முதலில் பிரஷர் குளிசையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மேல்கணக்கு லயத்து அக்காவுக்குப் போன மாதம் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். அதனால் தன் குளிசை முடிந்ததும் பக்கத்துக் காம்பராவில் அட்டனலோல் வாங்கிப் போட்டார். இரண்டு பேருக்கும் பிரஷர்தானே என்ற நினைப்பு. ஆனால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இராத்திரி மூச்சு அடைத்து, கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அட்டனலோல் கெட்ட மருந்தில்லை. பிரஷரோடு நெஞ்சுவலியும் உள்ளவருக்கு அது இரண்டுக்கும் உதவும். அதே குளிசை இழுப்புக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். சீனி வருத்தத்தால் சிறுநீரில் புரதம் போகிறவருக்கு எனலப்பிரில் அல்லது லொசாட்டன் கொடுப்பது சிறுநீரகத்தையும் காப்பாற்றத்தான். எனலப்பிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்த இரண்டுமே ஆகாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அவர்களுக்கு மெதில்டோபா போன்ற வேறு மருந்து இருக்கிறது. பிள்ளைக்குக் காத்திருக்கும் தங்கச்சிமார் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கூடை சுமந்த முதுகுவலிக்கு டவுன் பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடுகிறோம். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். லொசாட்டனும் சிறுநீர் போகிற குளிசையும் எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் கூட. அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், கேட்கமாட்டார் என்று இருந்துவிடாதீர்கள்.

மருந்தின் பேர் இங்கிலிஷில் இருக்கிறது, வாசிக்கத் தெரியாது என்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே வாசித்து, கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தருவார்கள்.

ஆனால் அந்த அக்காவை மட்டும் குறை சொல்லி என்ன? பேர் வெட்டுப்படும் என்ற பயம்தானே அவரைப் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்பியது? கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று துரைக்கு மனு எழுதியிருக்கிறோம். அது தலைவரிடம் இருக்கிறது. பிரஷர், சீனி உள்ளவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய குளிசை மட்டைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.