இடிந்த சுவரை அவசரப்பட்டு இடிக்காதீர்கள்

(யாழ்ப்பாண நகரில் மீளக்குடியமரும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

புத்தளத்திலிருந்து வந்த குடும்பங்களும், இந்திய முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களும், பல இடம் மாறிக் கடைசியாகச் சொந்த வளவுக்குப் போகிற குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். சிலர் 1990 ஒக்டோபர் 30 அன்று இந்த நகரை விட்டுப் போனவர்கள். சிலர் 1995 ஒக்டோபர் 30 இரவு போனவர்கள். இரண்டும் ஒரே நாளாக அமைந்தது. விட்டுப் போன வீடுகளுக்கு நடந்ததும் அநேகமாக ஒன்றுதான். கூரை போனது, கதவு நிலை போனது, சுவரில் அரசங்கன்று முளைத்தது.

உங்கள் வளவில் நிற்கிற இடிந்த வீட்டையும், பக்கத்து வளவில் ஆள் வராமல் கிடக்கிற இடிந்த வீட்டையும் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

வளவுக்குப் போன முதல் நாளே எல்லோருக்கும் வருகிற எண்ணம், இதையெல்லாம் இடித்து அள்ளிப்போட்டு ஒரு தகரக் கொட்டிலாவது போடுவோம் என்பது. அதில் பிழையில்லை. பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்கள், மழைக்கு முன் ஒரு கூரை வேண்டும். ஆனாலும் ஜேசிபி இயந்திரத்தைக் கூப்பிட முன் சில நாள் பொறுங்கள் என்று கேட்கிறேன். அந்த இடிந்த சுவர் உங்களுடைய சாட்சி.

உங்கள் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். முதலில் காணியின் பெயர் இருக்கும். பிறகு எத்தனை பரப்பு, எத்தனை குழி என்று இருக்கும். பிறகு நாலு பக்க எல்லையும், எல்லைக்காரரின் பெயரும். கடைசியில் அதற்குள் இருக்கிற கல்வீடு, கிணறு, பனை, தென்னை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் என்று எழுதியிருக்கும். உறுதியில் எழுதியிருப்பதை நிலத்தில் காட்ட இன்று மிஞ்சியிருப்பவை பழைய அத்திவாரம், கிணற்றுக்கட்டு, படலைத் தூண், எல்லைக்கல் இவ்வளவுதான். வேலிக் கதியால் எல்லாம் 25 வருடத்தில் உக்கிப் போயிருக்கும். இயந்திரம் அரை நாளில் வளவை மட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு பக்கத்து வளவுக்காரர் வந்து “எங்கள் எல்லை இரண்டு முழம் உள்ளே” என்று சொன்னால் எதைக் காட்டுவீர்கள்?

ஆகவே கல் ஒன்றைப் புரட்ட முன் படம் எடுங்கள். கைத்தொலைபேசி போதும். வீதியிலிருந்து, நாலு மூலையிலிருந்து, கிணற்றடியிலிருந்து எடுங்கள். பக்கத்து வீட்டு மதிலோ, கோயில் கோபுரமோ, பள்ளிவாசலோ பின்னால் தெரிகிற மாதிரி எடுத்தால் இடத்தைப் பிறகு யாரும் மறுக்க முடியாது. ஒரு கொப்பித் தாளில் வளவைக் கீறி, வீட்டு மூலையிலிருந்து எல்லைக்கு எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். கிராம அலுவலரையும் எல்லைக்காரரையும் கூப்பிட்டு அவர்கள் முன்னால் அளந்தால் இன்னும் நல்லது. திகதி போட்டு அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பழைய அத்திவாரத்தை மட்டும் நில அளவையாளர் வரும்வரை கிளறாமல் விடுங்கள். கொட்டிலை வளவின் வேறு பக்கத்தில் போடலாம்.

“உறுதியே இல்லை, ஓடும்போது விட்டுவிட்டோம்” என்று சொல்கிறவர்கள்தான் இங்கே அதிகம். பயப்படாதீர்கள். உறுதி முடித்த நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது சுலபம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் எல்லைக்காரரின் பெயரையும் வைத்துத் தேடலாம். அதற்கு மேல் ஒரு வழி இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை. உங்கள் பக்கத்து வளவுக்காரரின் உறுதியில், “மேற்கு” என்றோ “தெற்கு” என்றோ போட்டு, உங்கள் தகப்பனாரின் அல்லது பாட்டனாரின் பெயர் எழுதியிருக்கும். அதில் ஒரு பிரதி கேளுங்கள். நீங்களும் அவருக்கு அப்படி உதவலாம். மாநகர சபையின் சோலைவரிப் பதிவு, பழைய மின்சாரப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, பிறப்புச் சான்றிதழில் உள்ள விலாசம் எல்லாம் தனித்தனியே சிறியவை. ஒன்றாகச் சேர்த்தால் பாரமானவை. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போதும் காணி உங்களுடையது என்று காட்டச் சொல்வார்கள்.

தாய் தகப்பன் பெயரிலேயே காணி இருந்தால், சகோதரர் எல்லோருக்கும் அதில் உரித்து உண்டு. வட மாகாணத் தமிழருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு அவர்களுடைய மரபுரிமைச் சட்டம். பங்குகள் இரண்டிலும் ஒரே மாதிரி வராது. கனடாவில் இருக்கிற தம்பியின் பங்கைப் பற்றி அவரோடு கதைக்காமல் வீடு கட்டத் தொடங்காதீர்கள். அவர் வரமுடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். அதை எழுதும்போது துப்புரவாக்க, அளக்க, கட்ட என்று என்ன காரியத்துக்கு என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். விற்கிற அதிகாரத்தை யோசிக்காமல் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். இடிந்த வீட்டைக் கண்டால் தரகர்மார் முதல் கிழமையே வருவார்கள். “வெறும் கல்லும் பத்தையும்தானே” என்று விலை சொல்வார்கள். அவர்கள் வாங்க வருவது நிலத்தை. வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்து வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இன்னொரு குடும்பம் இருந்தால் என்ன செய்வது? அவர்களும் எங்கேயோ இருந்து ஓடிவந்தவர்களாக இருக்கலாம். சாமானை வெளியே எறிகிற வேலைக்குப் போகாதீர்கள். சட்டமும் அதற்கு இடம் கொடாது. ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். இன்னொருவர் காணியைத் தனது என்று 10 வருடம் தொடர்ந்து ஆண்டவர் அதற்கு உரிமை கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. யுத்தத்தால் வரமுடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கான சட்டம் அது. அதன் கீழ் வழக்குப் போடக் குறுகிய கால எல்லைதான் கொடுத்திருந்தார்கள். இது உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் இந்தக் கிழமையே கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே காசு வாங்குவதில்லை. உங்களை யாராவது பலவந்தமாக வெளியேற்றினால் உடனே பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் ஆட்சியைத் திரும்பப் பெற்றுக்கொடுக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சின்ன எல்லைப் பிரச்சினைகளுக்கு மத்தியஸ்த சபை போதும்.

இனிப் பக்கத்து வளவு. உங்கள் வளவைத் துப்புரவாக்கிவிட்டீர்கள், வேலிக்கு அப்பால் காடு. பாம்பு வருகிறது, இரவில் யாரோ குடிக்க வருகிறார்கள், உடைந்த சீமெந்துத் தொட்டியிலும் தளத்திலும் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. 2017இல் இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் காணியும் உங்களைப் போல ஓடிப்போன ஒருவருடையதுதான். நீங்கள் இங்கே இல்லாத காலத்தில் உங்கள் வளவுக்குள் எப்படி ஆட்கள் நடக்கவேண்டும் என்று விரும்பியிருப்பீர்களோ, அப்படி அங்கே நடவுங்கள்.

முதலில் சொந்தக்காரரைத் தேடுங்கள். பங்குத் தந்தையிடம், கோயில் தர்மகர்த்தாவிடம், பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டால் இரண்டு நாளில் லண்டன் தொலைபேசி இலக்கம் வரும். இந்த ஊரில் அது நடக்கும். துப்புரவாக்க அனுமதி கேளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், கைத்தொலைபேசித் தகவலாக இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். செய்ய முன்னும் செய்த பின்னும் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், பராமரிக்காத காணிக்கும் அது பொருந்தும். வீதிப் பக்கம் சாய்ந்து விழப்போகிற சுவர் என்றால் மாநகர சபைக்கு அறிவித்து, கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

அங்கிருந்து ஒரு ஓடோ, கல்லோ, பனந்தீராந்தியோ எடுக்க வேண்டாம். “சும்மா கிடக்கிறதுதானே” என்று எடுப்பது களவு மட்டுமில்லை, அந்தக் குடும்பத்தின் சாட்சியை அழிப்பதும்தான். வேலியை ஒரு அடி தள்ளிப் போடுவதும் அப்படியே.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் பிடுங்கி இழுக்காதீர்கள். பல இடங்களில் அந்த வேர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளையை வெட்டிவிட்டு, சுவரை மேலிருந்து கீழாகக் கழற்றுங்கள். அஸ்பெஸ்ரோஸ் தகடுகளை நனைத்து முழுதாக இறக்குங்கள், உடைத்தால் தூசு நெஞ்சுக்குக் கேடு. பத்தையையும் குப்பையையும் கொளுத்தவே வேண்டாம். அடியில் ஷெல்லோ கைக்குண்டோ கிடந்தால் சூட்டில் வெடிக்கும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி நடந்து, பிள்ளைகளைத் தூரமாக்கி, 119க்கு அறிவியுங்கள். பழைய கிணற்றுக்குள் தனியாக இறங்காதீர்கள். தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடாதீர்கள், அதன் புகை உள்ளே நிற்கிற ஆளை நிமிடங்களில் கொல்லும். இறைத்துக் குளோரின் போட்டுப் பரிசோதகர் சரியென்று சொல்லும்வரை குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்து எடுங்கள்.

உறுதி தொலைத்தவர்கள் தேநீருக்குப் பிறகு போய்விடாதீர்கள். காணியின் பெயர், வீதி அல்லது ஒழுங்கை, ஞாபகத்தில் உள்ள எல்லைக்காரர் பெயர்கள் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். வயதான ஆச்சிமார், உம்மாமார் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், காணிப் பெயர் அவர்களுக்குத்தான் தெரியும். பதிவகத்துக்கான விண்ணப்பத்தை இங்கேயே சேர்ந்து நிரப்புவோம்.