கோலத்துக்குக் கீழே ஓடுவது

(ஊர்ச் சுத்தத்திற்குப் பெரிதும் பொறுப்பு மக்களா, அரசா? என்ற பட்டிமன்றத்தில் ‘அரசே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால பேசிய நண்பர், “வீட்டு வாசலைக் கூட்டாதவன் அரசைக் குறை சொல்லலாமா?”ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. ஐயா, நாங்க வாசலைக் கூட்டுறோம், கோலமும் போடுறோம். அந்தக் கோலத்துக்குக் கீழே ஒரு குழாய் ஓடுதே, அதை எந்த விளக்குமாறால கூட்டுறது? (கைதட்டல்)

இந்த ஊர்ப் பெரிய வாய்க்காலைத் தெரியாதவங்க உண்டா? ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர் தெரு, மறுபக்கம் தமிழர் தெரு. பிரெஞ்சுக்காரங்க சமத்துவம், சமத்துவம்னாங்களே, அது முழுசா நடந்த இடம் அந்த வாய்க்கால்தான்! ரெண்டு பக்கத்து அழுக்கையும் ஒண்ணாத்தானே சுமந்தது! (சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்போ சிரிக்க முடியாத ஒண்ணைச் சொல்றேன். 2024 ஜூன் 11. நம்ம ரெட்டியார்பாளையம் புதுநகர். பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள்ளே வந்தது. உள்ளே போன தாய் விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். பக்கத்திலேயே இன்னொரு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை. மூன்று உயிர் போயிற்று. இதில் மக்கள் செய்த குற்றம் என்ன? காலையில் கழிப்பறைக்குப் போனதா?

“நாத்தம் வந்தா உஷாரா இருக்கணும்”பார் எதிரணி நண்பர். காற்றுப் புகாத இடத்தில் கழிவு தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. எச்சரிக்கிற மூக்கையே முதலில் மயக்குகிற எமனிடம் தனிமனிதன் எப்படி உஷாராக இருப்பது?

கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று வேண்டும். அதில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் வாயுவை உள்ளே விடாத பூட்டு. “அதை வீட்டுக்காரர்தானே போடணும்?” ஆமாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணைப்புக் கொடுக்கும்போது பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்? கரண்டு கொடுக்கிறவங்க மீட்டரைப் பார்க்காமலா கொடுக்கிறாங்க? (கைதட்டல்)

நகரம் போகட்டும், கிராமத்துக்கு வாங்க. அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க். நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சும். பணத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்திடுறோம். லாரி எங்கே போகும்? கொட்ட இடமில்லாவிட்டால் ஏரிக்கும் ஓடைக்கும்தான் போகும். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி என்று சின்னப் பேரூராட்சி. 2017-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக அங்கே கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி அங்கே கொட்டும்; கசடு படுகையில் காயும்; வடிகிற நீர் தனியாகச் சுத்தமாகும். கருங்குழி மக்கள் மட்டும் திடீரென்று உத்தமர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. லாரிக்குப் போக ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்!

“ஆரோவில்லைப் பாருங்க, அவங்களே நாணல் வளர்த்துக் கழிவுநீரைச் சுத்தம் பண்றாங்க”ன்னார் இன்னொரு நண்பர். நல்ல உதாரணம், எனக்கே உதவுகிறது! அந்த ஆரோவில்லுக்கும் 1988-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அறக்கட்டளை அமைத்துக் கொடுத்தது. (சிரிப்பு)

துணியையும் பிளாஸ்டிக்கையும் குழாயில் போடாதிருப்பது நம் கடமை. மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குப்பைக்கு நாம் பொறுப்பு என்றால், மண்ணுக்குள்ளே தெரியாமல் ஓடுவதற்கு, அதைத் திறந்து பார்க்கிற அதிகாரமும் கருவியும் உள்ளவரே பொறுப்பு. தெரிந்த அழுக்கு காலைத்தான் நனைக்கும்; தெரியாத அழுக்கு உயிரையே எடுக்கும். ஆகவே பெரிதும் பொறுப்பு அரசுக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)