தலை அரித்தால், முதலில் வகிடெடுத்துப் பாருங்கள்

தலையில் சின்னச் சின்னப் பருக்கள். சீப்புப் பட்டால் எரிகிறது, சொறிந்தால் சுகமாக இருக்கிறது, அப்புறம் இன்னும் அரிக்கிறது. பெரும்பாலானோர் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு களிம்பு கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. இந்தப் பருக்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு. ஒன்றைத் தணிக்கும் மருந்து இன்னொன்றை வளர்த்துவிடும். ஆகவே நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் பொரிப்பொரியாக இருந்தால், முதலில் பேன் தேடுங்கள். பேன் கடிக்கும்போது இறங்கும் உமிழ்நீர் தோலுக்கு ஒவ்வாமல்தான் அரிப்பு வருகிறது. முதல்முறை பேன் பிடித்தவர்களுக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அக்கா, தங்கை, அம்மா என்று வீட்டில் பரவியிருக்கும். பெர்மெத்ரின் 1 சதவீத மருந்தை, அலசித் துவட்டிய ஈரத்தலையில் தடவி, 10 நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். ஈர் எல்லாம் இதில் சாகாது. அதனால் ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு முறை போட வேண்டும். இடையில் பேன்சீப்பால் வாருங்கள். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், தோல் வெந்துபோகும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. பேன் இருப்பதால் அந்தப் பிள்ளை சுத்தமில்லாதவள் என்று ஆகிவிடாது. வகுப்பில் அவளைத் தனியே உட்காரவைப்பது கொடுமை.

பெரியவர்களிடம் அதிகம் காண்பது மயிர்க்கால் அழற்சி. பருவின் நடுவில் ஒரு முடி நிற்கும், நுனியில் சீழ் தெரியும். வியர்வையும் ஹெல்மெட் உரசலும் சேர்ந்தால் பாக்டீரியா எளிதில் உள்ளே புகும். லேசானதாக இருந்தால், கிள்ளாமல் சுத்தமாக வைத்துக்கொண்டாலே ஆறிவிடும். பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பொடுகோடு சேர்ந்த சிவந்த தடிப்புக்குப் பின்னால் மலாசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. எல்லார் தோலிலும் வாழ்வதுதான்; தலையில் ஊறும் எண்ணெய்ப்பசைதான் அதன் உணவு. எண்ணெய்க் குளியல் நம் வீடுகளில் எவ்வளவு பிரியமானது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பொடுகு அடங்கும்வரை எண்ணெயைத் தலையில் ஊறவிடாதீர்கள். இதற்குக் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு நல்ல மருந்து. நுரை வந்த உடனே அலசிவிட்டு, பலனே இல்லை என்று சொல்கிறவர்கள் பலர். மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் இருக்க வேண்டும். வாரம் இருமுறை, நான்கு வாரம் வரை.

தலைக்குச் சாயம் பூசி ஓரிரு நாளில் நெற்றியோரமும் காது மடலும் தடித்து, கண் இமை வீங்கினால் அது சாயத்தின் ஒவ்வாமை. காரணம் பெரும்பாலும் பாராஃபீனிலீன் டயமீன். கருப்பு மருதாணி என்று விற்கும் பல பொடிகளிலும் இதே வேதிப்பொருள் கலந்திருக்கிறது. பல வருடம் ஒன்றும் செய்யாத சாயம் திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்புறம் அது ஆயுளுக்கும் ஆகாது.

இப்போது, தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பிள்ளையின் தலையில் வட்டமாக முடி உடைந்து, கரும்புள்ளிகள் தெரிந்து, செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். சிலருக்கு அதுவே கொழகொழவென்று சீழ் வடியும் வீக்கமாகிவிடும், கழுத்தில் நெறிகட்டும். பார்த்தவர்கள் சீழ்க்கட்டி என்று கீறிவிடுகிறார்கள். அது கீற வேண்டிய கட்டியே அல்ல. பூஞ்சை முடிக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே தடவும் களிம்பு அங்கே எட்டாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் மோசம்; அரிப்பை அடக்கிவிட்டு, அடியில் பூஞ்சையைப் பரவவிடும். மருத்துவர் நாலைந்து முடியையும் செதிலையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார். நாள் கடத்தினால் அந்த இடம் தழும்பாகி முடி முளைக்காமலே போகக்கூடும்.

மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் கிரிசியோஃபல்வின் போன்ற உள்மருந்து. அதை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பால், முட்டை என்று கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆறு முதல் எட்டு வாரம் தொடர வேண்டும். பத்து நாளில் அரிப்பு நின்றுவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மருந்து முடியும்வரை அந்தப் பிள்ளைக்குச் சீப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் தனியாக இருக்கட்டும். கூடப் படுக்கும் தம்பி தங்கைகளின் தலையையும் அதே வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.