குடும்பத்தில் வருவதெல்லாம் மரபணுவில் வருவதன்று



2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மலாய்க்காரரிடையே அது 22 விழுக்காடு, சீனரிடையே 15.1. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று பிசகினால் அதை வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி என்கிறோம். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் அது முன்வாசல். நம் பெண்களிடம் இதைக் கண்டால், ‘அம்மாவுக்கும் இருந்தது, பரம்பரை’ என்று கோப்பை மூடிவிடுகிறோம். குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் மரபணுவில் வருவதன்று என்பதே என் வாதம். ஒரு தாய் மகளுக்கு மரபணுவைத் தருகிறாள். கருப்பைச் சூழலையும் அடுக்களைப் பழக்கத்தையும் சேர்த்தே தருகிறாள்.

மரபணுவின் பங்கை மறுப்பதற்கில்லை. மெக்சிகோவின் மாயா மக்கள் உள்ளிட்ட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் ஏபிசிஏ1 மரபணுவில் காணப்படும் ஒரு மாற்றம் நல்ல கொழுப்பைக் குறைக்கிறது. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் அது அகப்பட்டே இராது. நமக்கும் சான்று உண்டு. லண்டன்வாழ் இந்திய வம்சாவளியினரை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, எம்சி4ஆர் மரபணுவின் அருகே ஒரு மாற்றத்தைக் கண்டது. தாய், தந்தை இருவழியிலும் அதைப் பெற்றவருக்கு இடுப்புச் சுற்றளவு ஏறத்தாழ 2 செ.மீ. கூடுதல். தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ.தான் எச்சரிக்கைக் கோடு. அந்தக் கோட்டைப் பத்து, பதினைந்து செ.மீ. தாண்டி நிற்பவரின் நிலையை இந்த இரண்டு செ.மீ. விளக்கிவிடாது. காலக்கணக்கும் அதையே சொல்கிறது. சென்னையில் 1989இல் 8.3 விழுக்காடாக இருந்த நீரிழிவு 2004இல் 14.3ஆக உயர்ந்தது. பதினைந்து ஆண்டில் ஓர் ஊரின் மரபணு மாறுவதில்லை.

‘மாமாக் கடையில் மூவினத்தாரும்தான் ரொட்டி சானாய் சாப்பிட்டுத் தே தாரிக் குடிக்கிறார்கள், நம்மவருக்கு மட்டும் ஏன் அதிகம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மரபணு வேறுபாடு விடையின் ஒரு பகுதி. இன்னொரு பகுதி கருப்பையில் இருக்கக்கூடும். புனேயில் ஆய்வாளர் யாக்னிக்கின் குழுவினர் அளந்த பச்சிளங் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. விடியுமுன் ரப்பர் தோட்டத்துப் பிரட்டுக்கு (ஆளெடுப்புக்கு) நின்று, அரைவயிற்றோடு பால்மரம் வெட்டிய பாட்டியின் பேத்தி, இன்று கிள்ளான் அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறாள். பஞ்சத்துக்குப் பழகிய உடலில் மிகுதி வந்து சேர்ந்தது என்ற விளக்கம் நம் தோட்ட வரலாற்றுக்குப் பொருந்துகிறது; ஆனால் அதை இங்கேயே அளந்து மெய்ப்பிக்க வேண்டும்.

‘அப்படியானால் மரபணு ஆராய்ச்சிக்கு ஏன் பணம்? நடக்கச் சொன்னால் போதாதா?’ என்பது அடுத்த மறுப்பு. நடக்கத்தான் வேண்டும். ஆனால் மரபணு, கருப்பை, அடுக்களை என்ற மூன்று வழிகளில் எது எவ்வளவு என்று பிரித்தறியாதவரை, பழியைப் பெண்ணின் நாக்கின்மீதோ விதியின்மீதோ போட்டுக்கொண்டிருப்போம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கோஹோர்ட் ஆய்வில் மூவினத்தாரும் அடங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அத்தகைய ஆய்வின் மரபணுத் தரவோடு தாயின் பேறுகாலப் பதிவையும் பிள்ளையின் பிறப்பு எடையையும் இணைத்துப் படித்தால் விடை நெருங்கும்.

இந்த அரங்கில் கட்டுரை படிப்போர் மரபணுவின் பெயரோடு நிறுத்தாமல், அதன் விளைவு எத்தனை செ.மீ., எத்தனை விழுக்காடு என்பதையும் சொல்ல வேண்டுகிறேன். மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்ட ஒவ்வொரு பெண்ணையும் பிள்ளை பிறந்த ஆறாம் வாரத்தில் மறுசோதனைக்கு அழையுங்கள், அதன்பின்னும் விட்டுவிடாதீர்கள். அதற்கு எந்த மரபணு முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.