கேமராவுக்கு முன் ஆசிரியர்: எதற்குத் தயார்?



வகுப்பறையில் வீடியோ கேமராவைப் பயன்படுத்த ஆசிரியர்கள் எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பதை அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இதற்கு வழக்கமான ஒரு வினாநிரல் உண்டு. கேமராவை இயக்கத் தெரியுமா? பதிவைக் கணினியில் ஏற்றத் தெரியுமா? பதிவாகும்போது பதற்றம் வருமா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொல்லிக் கூட்டினால் 'தயார்நிலை' வந்துவிடும். இந்த வினாநிரலில் விடுபட்டுப்போன ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில், கேமராவில் இரண்டு வகை. ஒன்று சுவரில் மாட்டுவது. 2019இல் தில்லி அரசு தன் பள்ளி வகுப்பறைகளில் கண்காணிப்பு கேமராக்களைப் பொருத்தத் தொடங்கியது. பெற்றோர் செல்பேசியில் நேரலையாகப் பார்க்கலாம் என்றது. இங்கே ஆசிரியரைப் பார்ப்பவர் வேறு யாரோ. மற்றொன்று, ஆசிரியர் தன் பாடத்தைப் பதிவு செய்து தானே பார்ப்பது. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் இப்படித்தான் வளர்ந்தது. பி.எட். படித்த எல்லோரும் இதைக் கடந்திருப்பார்கள், பெரும்பாலும் கேமரா இல்லாமலே.

பதிவு எதைக் காட்டும்? 1995இல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கற்பித்தல் ஒரு பண்பாட்டுப் பழக்கம், செய்கிறவருக்கே தெரியாமல் நடப்பது என்ற இடத்துக்கு அந்த ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தார்கள். நம் நாட்டில் பண்பாட்டுப் பழக்கம் என்றால் அதற்குள் சாதி இருக்கிறது.

ஒரு சின்ன அளவை எடுத்துக்கொள்வோம். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், மூன்று நொடி காத்திருந்தால் குழந்தைகள் கூடுதலாகவும் தெளிவாகவும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ கண்டறிந்தார். நாம் கேட்க வேண்டியது, அந்த மூன்று நொடி எந்தக் குழந்தைக்குக் கிடைக்கிறது என்பதை. யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், யாரை 'ஏய்' என்கிறோம்? கரும்பலகையைத் துடைக்க, தண்ணீர் கொண்டுவர எப்போதும் யார் எழுகிறார்கள்? இவற்றையெல்லாம் பதிவில் எண்ணிவிடலாம்.

நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. நல்ல பரிந்துரை. ஆனால் உட்காரும் வரிசையை மாற்றலாம், ஆசிரியரின் கண் எங்கே நிற்கிறது என்பதை எந்த ஆணையாலும் மாற்ற முடியாது. அதை அவரே பார்த்தால்தான் உண்டு.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். ஒரு தலித் ஆசிரியை 'தயாரில்லை' என்று குறிக்கலாம். பதிவு ஆதிக்க சாதித் தலைமையாசிரியரின் கைக்குப் போனால் அவர் உச்சரிப்பும் உடையும்கூடக் குற்றமாகும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொருவர், தன் வகுப்பை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதால் 'தயாரில்லை' என்று குறிக்கலாம். அளவுகோல் இருவருக்கும் ஒரே மதிப்பெண்ணைத்தான் தரும். கேமராவைக் கையாள்வதில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர், கடைசி பெஞ்சை ஒருமுறைகூடப் பார்க்காதவராக இருக்கலாம். அவர் 'தயார்' பட்டியலில் முதலில் இருப்பார்.

ஆகவே ஆசிரியரை அளக்கும் முன் பள்ளியை அளக்க வேண்டும். பதிவு யாருக்குச் சொந்தம்? ஆய்வு அலுவலரிடம் போகாது, பதவி உயர்விலும் தண்டனையிலும் பயன்படாது என்ற எழுத்துபூர்வ உறுதி உண்டா? குழந்தைகளையும் பெற்றோரையும் கேட்டார்களா? 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதிவைச் சேர்ந்து பார்க்கும் ஆசிரியர் குழுவில் தலித் ஆசிரியர்கள் இருக்கிறார்களா?

இதற்குப் பிறகுதான் ஆசிரியரிடம் அந்த விடுபட்ட கேள்வியைக் கேட்க முடியும்: "இந்த வாரம் நீங்கள் ஒருமுறைகூடப் பேசாத குழந்தைகள் யார் என்று பதிவு காட்டினால், அதைச் சக ஆசிரியர்கள் முன் பேசுவீர்களா?"

கேமரா எல்லாவற்றையும் பார்த்துவிடாது. கழிப்பறையைக் கழுவ யாரை அனுப்புகிறார்கள், மதிய உணவு வரிசையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் வகுப்பறைக்கு வெளியே இருப்பவை. அங்கே தேவை குழந்தைகள் அஞ்சாமல் புகார் சொல்லும் வழியும், புகார் மீது நடவடிக்கையும். அந்தப் பொறுப்பைக் கேமராவின் தலையில் கட்டிவிட்டு அரசு நழுவ விடக் கூடாது.

ஜெய்பீம்.