காய்ச்சல் விட்ட பிறகு



நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது டெங்குவுடன் ஒரு சிறுவன் வந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா சார்?" என்றார் தாய். நானும் தலையாட்டிவிட்டேன். வார்டு சிஸ்டர்தான், "டாக்டர், கையைத் தொட்டுப் பாருங்க" என்றார். சில்லிட்டிருந்தது, நாடி நூலிழையாய்த் துடித்தது. உடனே சலைன் ஏற்றினோம். பிழைத்தான்.

டெங்குவில் காய்ச்சல் விடும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்து. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பிறகு கசிந்த நீர் திரும்பும். அப்போதும் சலைன் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டரைப் பார்த்த கையோடு நோயாளியின் கையையும் தொட்டுப் பாருங்கள், தம்பி தங்கைகளே!